வெம்பக்கோட்டை ரோட்டில் நிற்கிறவர்

சூலக்கரை, விருதுநகர்
6 ஜூலை 2025

அன்புத் தம்பி செழியனுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கும் உன் மச்சானுக்கும் ரோஜாவுக்கும் உடம்பு நல்லபடியாக இருக்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? ஹூப்ளியில் மழை பிடித்துவிட்டதாக டிவியில் காட்டினார்கள். குளிக்கும்போது பஞ்சு வைத்துக்கொள். பட்டாசுக் கம்பெனியை விட்டு ஆறு வருஷமாகியும் செல்போனை உடம்பில் வைக்கமாட்டேன் என்கிற ஒரு பிறவிக்காக, இந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான் இன்னும் ஸ்டாம்பு வாங்குகிறேன். தபால் ஆபீசில் என்னை ஏதோ கோர்ட் கேஸ் நடத்துகிறவள் என்று நினைக்கிறார்கள்.

நல்ல சேதி முதலில். ரோஜாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. செல்வக்குமார் என்று பெயர், சாத்தூர்ப் பையன், கோயம்புத்தூரில் வேலை. தை மாதம் கல்யாணம். அவளுக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான். நீ வந்து மாலை போட்டுக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துப் போகவேண்டும். கம்பெனி விபத்துக்குப் பிறகு நீ இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அப்பா காரியத்துக்கே வரவில்லை. அதை மறந்துவிட்டேன். இதை மறக்கமாட்டேன்.

அடுத்தது, சிரிக்காமல் படி. நான் சைக்கிள் ஓட்டுகிறேன். சர்க்கரை ஏறிவிட்டது, நடங்க என்றார் டாக்டர். நடப்பது எனக்குப் பிடிக்காது. வத்தல் கமிஷன் மண்டி மணிகண்டராஜ் அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கூட்டத்தைச் சைக்கிளில் கூட்டிப் போகிறார், அதில் சேர்ந்துவிட்டேன். பெண்கள் என்று நானும் செல்வலட்சுமி டீச்சரும்தான். விடியும்போது சூலக்கரையில் என் ஆபீஸ் வாசல் வழியாகக் கிளம்புவோம். உள்ளே போகாமல் அதைத் தாண்டிப் போவதே ஒரு சுகம். சாத்தூர், ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சிவகாசி, திருத்தங்கல், ஆமத்தூர் என்று ஒரு சுற்று சுற்றி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். மேடு பள்ளம் அதிகமில்லை, ஆனால் காற்று எதிரே அடித்தால் உயிர் போகும். அண்ணாச்சி ஒவ்வொரு ஊரிலும் இறக்கிவிட்டுப் பாடம் நடத்துவார். இங்கே பாளையக்காரர் இருந்தார், இந்த மேட்டில் பழைய காலத்துச் சங்கு வளையல் எடுத்தார்கள் என்பார். எனக்கு அந்த நேரத்தில் டீ கிடைத்தால் போதும்.

உனக்குப் பிடிக்காத பேச்சு, இருந்தாலும் எழுதுகிறேன். வெம்பக்கோட்டை தாண்டியதும் உன் பழைய கம்பெனி வருகிறது. பூட்டிக் கிடக்கிறது. கூரை போன அறைகளைச் சுற்றிக் கருவேலம் மண்டிவிட்டது. அந்த இடத்தில் ரோட்டோரமாக ஒருவர் நின்றார். வெறுங்கால். முழங்கை வரைக்கும் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப்பொடி. எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்; கையும் காட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா
இசைவாணி


ஹூப்ளி
19 ஜூலை 2025

அன்பு அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். இடது காது கேட்கிறது. வலது காதில் இரைச்சல் மட்டும், அது பழகிவிட்டது. மச்சானைக் கேட்டதாகச் சொல். உன் சர்க்கரை என்ன அளவில் இருக்கிறது என்று எழுதவில்லையே.

ரோஜா கல்யாணச் சேதி படித்து அச்சகத்தில் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் பார்த்த பிள்ளை. பாவாடை சட்டையோடுதான் மனசில் நிற்கிறாள். வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். தை மாதம் இங்கே காலண்டர் வேலை முடிந்திருக்காது, முதலாளி லீவு தருவாரா தெரியவில்லை.

சைக்கிள் ஓட்டுவது நல்லதுதான். செயினுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத் துணியால் துடைத்துவிடு, இல்லையென்றால் கரிசல் புழுதி அப்பிக்கொள்ளும்.

ரோட்டில் நின்ற ஆள் எந்தப் பக்கம் பார்த்து நின்றான்? சிவகாசிப் பக்கமா, வெம்பக்கோட்டைப் பக்கமா?

தம்பி
செழியன்


சூலக்கரை
11 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். சர்க்கரை குறைந்திருக்கிறது. அளவை எழுதினால் அதை வைத்து எனக்குப் புத்தி சொல்வாய், அதனால் எழுதமாட்டேன்.

உன் கடிதத்தை உன் மச்சானிடம் படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான், குணம் எப்படி, ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டில் நின்ற ஆள் எந்தப் பக்கம் பார்த்தான் என்று கேட்கிறாய். "ஒன் தம்பிக்கு வெடிமருந்து வாடை இன்னும் மண்டைக்குள்ள இருக்கு, விடு" என்றார் அவர்.

கேட்டதால் சொல்கிறேன். எங்களைப் பார்த்துத்தான் நின்றார். அதற்கடுத்த வாரம் அந்த இடத்தில் இல்லை. சிவகாசி வந்து சேருகிற இடத்தில், கடைகள் தொடங்குவதற்கு முன்னால், அதே ஆள் நின்றார். நேற்று சிவகாசி ஊருக்குள்ளேயே, கிஃப்ட் பாக்ஸ் கடை வாசலில். சீசன் ஆரம்பித்துவிட்டது, வெளியூர்க் கார்கள் மொய்க்கின்றன. அத்தனை கூட்டத்திலும் அவர்மேல் யாரும் இடிக்கவில்லை. கைகளை உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு நின்றார். சட்டையில் பை இல்லை, கம்பெனிக்குப் போக உன் சட்டைப் பையைப் பிரிப்போமே, அந்த மாதிரி பிரித்த தடம் இருக்கிறது. பின்னால் வந்த செல்வலட்சுமியிடம், "அந்த ஆள எங்கனயோ பாத்த மாதிரி இல்ல?" என்று கேட்டேன். "யாருக்கா?" என்றாள். கண்ணாடியை மாற்று என்று சொன்னேன்.

யாரோ பாவம், புத்தி பேதலித்து அலைகிறவராக இருக்கும். வெடி விபத்தில் தப்பித்தவர்கள் சிலர் அப்படி ஆகிவிடுகிறார்கள். உன்னைச் சொல்லவில்லை.

நீ வருகிறாயா இல்லையா? காலண்டரைக் காரணம் சொல்லாதே.

அக்கா
இசைவாணி


ஹூப்ளி
22 ஆகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும்.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்காதது தப்புதான். ரோஜாவுக்குப் பிடித்திருந்தால் எனக்கும் பிடிக்கும்.

இப்போது நான் சொல்வதைக் கேள். எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. மருந்து கலக்கிற அறையில் இருக்கிறவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது. திடுக்கிட்டால் கை தவறும், கை தவறினால் எல்லாம் போகும். சாப்பாட்டு நேரமானாலும், வீட்டில் சாவு விழுந்தாலும், வாசலுக்கு நேரே வந்து சும்மா நிற்பார்கள். உள்ளே இருக்கிறவன் கையிலிருக்கிற வேலையை முடித்து, கீழே வைத்து, கையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். பார்த்துவிட்டால் வருகிறேன் என்று அர்த்தம். பார்த்த பிறகு உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து வெளியே போயாக வேண்டும்.

அதனால் அப்படி யாராவது எதிரே நின்றால் நிமிர்ந்து பார்க்காதே. ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே தாண்டிவிடு. முடிந்தால் வேறு ரோட்டில் போ. அருப்புக்கோட்டைப் பக்கம் ரோடு நன்றாகத்தானே இருக்கிறது.

பயப்படாதே. அவன் உனக்காக நிற்கவில்லை.

தம்பி
செழியன்


சூலக்கரை
22 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், உன் கையெழுத்து மட்டும் ஏன் கோணலாகப் போகிறது?

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரிப்பு வந்தது. அரசாங்க ஆபீசில் இருபது வருஷம் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தவளிடம் நிமிராதே என்கிறாய். இருந்தாலும் உன் பேச்சுக்கு மரியாதை கொடுத்து அண்ணாச்சியிடம் சொன்னேன், ஒரு மாறுதலுக்குத் தலைகீழாகச் சுற்றுவோமே என்று. ஆமத்தூர் வழியாகக் கிளம்பித் திருத்தங்கல் போனோம். பெருமாள் கோயில் மலை தெரிகிற வளைவில் அவர் நின்றார். நாங்கள் வந்த திசை மாறினாலும் முகம் எங்களைப் பார்த்துத்தான் இருந்தது. அடுத்த வாரம் பழையபடி சாத்தூர் வழியாகப் போய்த் திருத்தங்கல் வந்தோம். அதே வளைவு. அப்போதும் எங்களைப் பார்த்துத்தான்.

சிரிப்பு அப்போது போய்விட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன், தம்பி. நீ வேண்டாம் என்று எழுதியதாலேயே பார்த்தேன் என்று வைத்துக்கொள். அவருக்கு இடது புருவம் பாதியோடு நின்றுபோகிறது. உன் வயசுதான் இருக்கும். நான் பார்த்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து என் முதுகுக்குப் பின்னால் தேடினார். பஸ்ஸில் வரவேண்டியவரை எதிர்பார்த்து நிற்கிறவர், முதலில் இறங்குகிறவரைத் தள்ளிவிட்டுப் பின்னால் பார்ப்பாரே, அந்த மாதிரி.

எனக்காக நிற்கவில்லை என்று எழுதினாய். யாருக்காக நிற்கிறார் என்று எழுதவில்லை. எழுது.

அக்கா


சூலக்கரை
26 அக்டோபர் 2025

தம்பி செழியா,

தீபாவளிக்கும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு எதுவும் இல்லையே? அச்சக முதலாளி நம்பருக்குப் போன் போட்டேன். ஆள் வேலைக்கு வருகிறான், யாரோடும் பேசுவதில்லை என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். சாத்தூர் காராச்சேவு கூரியரில் அனுப்பினேன். வந்ததா?

மாப்பிள்ளை வீட்டில் தாய்மாமன் யார், எப்போது பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ரோஜா ஒன்றும் கேட்பதில்லை. நீ அவளுக்கு அனுப்பிய பழைய பொங்கல் வாழ்த்தைத் தேடி எடுத்து மேஜையில் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வருகிறது. சிவகாசியில் பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. தாய்மாமன் என்று உன் பெயர் பெரிய எழுத்தில் வரும். நீ வரவில்லை என்றால் அந்தப் பெயரைப் பார்த்து ஊரே கேட்கும்.

இந்த மாதம் அவரை ஆமத்தூரில் பார்த்தேன். பிறகு விருதுநகருக்குள் ரயில்வே கேட் பக்கம். நம் வீடு இன்னும் எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். உன் மச்சானிடம் சொன்னேன், போலீசில் சொல்வோமா என்றார். என்னவென்று சொல்வது? ரோட்டில் நிற்கிறார் என்றா?

அக்கா


ஹூப்ளி
5 டிசம்பர் 2025

அன்பு அக்காவுக்கு,

காராச்சேவு வந்தது. நான் இருக்கிறேன். இத்தனை நாள் எழுதாதது உன்மேல் கோபத்தால் இல்லை. பாதிப் புருவம் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு பேனா பிடிக்க முடியவில்லை.

அவன் பெயர் பாண்டிமுருகன். பேப்பரில் படித்திருப்பாய். முகம் உனக்குத் தெரிந்திருக்காது, அடக்கம் செய்யும்போதும் யாருக்கும் காட்டவில்லை. சின்ன வயதில் புஸ்வாணம் தீய்த்த புருவம் அது. மருந்து அறையில் அவனும் நானும் ஜோடி. கல்யாணமான புதுசு அவனுக்கு. எனக்கு ஒரு சகோதரன் இருந்திருந்தால் அவனைப்போல இருந்திருப்பான்.

அன்றைக்கு நான் மருந்து சலித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. கையிலிருந்ததை முடித்தேன், சல்லடையைக் கீழே வைத்தேன், கையைத் துடைத்தேன், நிமிர்ந்தேன். வாசலில் பாண்டிமுருகன் நின்றான். பார்த்துவிட்டேனே, எழுந்து போனேன். வெளியே கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான், இவன் எப்போது எழுந்து வெளியே வந்தான் என்று தோன்றியது. என் முன்னால் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அறைக்குள் என் இடத்துக்குப் பக்கத்தில் பாண்டிமுருகன் உட்கார்ந்து, தலை குனிந்து மருந்து நிறுத்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த அறை இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து போகிற இடமெல்லாம் எதிரே வந்து நின்றான். பஸ் ஸ்டாண்டில், மருந்துக் கடையில், நம் வீட்டு முக்கில். நான் குனிந்தே நடந்தேன். குனிந்தபடி ரயில் ஏறி மதுரை தாண்டித்தான் தலையைத் தூக்கினேன். இங்கே அவன் வந்ததில்லை. அப்பா காரியத்துக்கு ஏன் வரவில்லை என்று இப்போது புரியும்.

அன்றைக்கு அவன்தான் என்னை வெளியே அழைத்துக் காப்பாற்றினான் என்று மனசுக்குச் சொல்லிக்கொள்கிறேன். அப்படியென்றால் இப்போது எதிலிருந்து அழைக்கிறான்? அந்த அழைப்பு அன்றைக்கே முடிந்ததா, இல்லை பாதிதான் முடிந்ததா? எனக்குத் தெரியவில்லை, அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது. என்னால் வரமுடியாது. ரோஜாவிடம் என்ன சொல்வாயோ சொல்.

ஒன்றே ஒன்று. அவனிடம் பேசாதே. என் பெயரைச் சொல்லாதே.

செழியன்


சூலக்கரை
8 டிசம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உன் கடிதத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போய் நானே எழுதுகிறேன். இன்றைக்கு மனசு லேசாக இருக்கிறது.

நேற்று முதல் பத்திரிகையை இருக்கன்குடி மாரியம்மன் பாதத்தில் வைக்கச் சைக்கிளிலேயே போனேன். அண்ணாச்சி கூட்டத்தோடு சாத்தூர் வரை போய், அங்கிருந்து நான் மட்டும் பிரிந்து போனேன். அம்மனிடம் வைத்தேன், உனக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். திரும்பி வரும்போது சூலக்கரை மேட்டில், நம் தெரு பிரிகிற இடத்தில் அவர் நிற்கிறார்.

எத்தனை நாளைக்குத்தான் குனிந்து போவது? நல்ல வெயில், ரோட்டில் ஆள் நடமாட்டம், கையில் அம்மன் குங்குமம். இறங்கினேன். "ஏண்ணே, யாரத் தேடுதீக?" என்று கேட்டேன். என் வாயைப் பார்க்கிறார், காது கேட்காது போலிருக்கிறது. உன் நினைவு வந்தது. "செழியனத் தேடுதீகளா? வெம்பக்கோட்டையில ஒங்ககூட வேல பாத்தானே?" என்றேன். முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எந்தம்பிதான். வெளியூர்ல இருக்கான். தை மாசம் எம்மக கல்யாணத்துக்குத் தாய்மாமன் வாராம பின்ன எங்க போவான்? மண்டபத்துக்கு வந்துருங்க, அங்கன பாத்துக்கிடலாம்" என்று சொல்லி ஒரு பத்திரிகையில் மஞ்சள் தடவி, முறையாகக் குங்குமமும் வைத்து நீட்டினேன். வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பத்திரிகை முழுக்க வெள்ளிப்பொடி ஒட்டியது. அதைப் பிடித்தபடி, வந்த வழியே ஆமத்தூர் பக்கமாக நடந்து போய்விட்டார். நாலைந்து மாதப் பாரம் இறங்கியது.

உன்னைத் தேட ஒரு கூட்டாளி இருக்கிறான். அவனுக்காகவாவது வா.

அக்கா
இசைவாணி


ஹூப்ளி
17 டிசம்பர் 2025

அக்கா,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இந்நேரம் என்னுடையதைப் படித்திருப்பாய். அழாதே. தெரியாமல்தானே செய்தாய். வீட்டுக்கு வந்தவருக்குப் பத்திரிகை வைப்பது நம் பழக்கம். வாசலில் வந்து நிற்பது அவன் பழக்கம். இரண்டிலும் தப்பு இல்லை.

ஆனால் இனி நான் வராமல் இருக்க முடியாது. அழைத்தாகிவிட்டது, அவன் மண்டபத்துக்கு வருவான். மணவறைக்கு நேரே நிற்பான். நான் அங்கே இல்லையென்றால் யார் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று யோசி. மணவறையில் உட்கார்ந்திருக்கப் போவது ரோஜா. கல்யாணப் பெண் குனிந்த தலையோடு இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு அதை அவள் கேட்டுக்கொள்ளட்டும்.

லீவு கேட்டிருக்கிறேன். மாலைக்கு மல்லிகையும் செவ்வந்தியும் சேர்த்துக் கட்டச் சொல், அவளுக்குச் செவ்வந்தி பிடிக்கும்.

செழியன்


சூலக்கரை
2 ஜனவரி 2026

தம்பி,

நீ வராதே.

எங்கள் நலம் இருக்கட்டும். இரண்டு கடிதத்தையும் மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆறு மாதமாக வா வா என்று கத்தியவள்தான் சொல்கிறேன், வராதே. நமக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தனைத் தாய்மாமன் முறைக்கு நிறுத்திக்கொள்கிறேன். உனக்கு உடம்பு சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாகிவிட்டது. ரோஜாவிடமும் சொன்னேன். அவள் அழுதாள். அழட்டும், கல்யாணமானால் சரியாகிவிடுவாள்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வருகிறவனைக் கூட எதற்கு, யாருக்கு என்று துருவித் துருவிக் கேட்கிறவள், அவனிடம் நாளும் இடமும் அச்சடித்துக் கொடுத்தேன்.

போன ஞாயிறு சுற்று முழுக்கத் தேடினேன். அண்ணாச்சி கூட்டம் முன்னால் போய்விட்டது. ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, உன் கம்பெனி, சிவகாசி, எங்கும் இல்லை. பத்திரிகையைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் இருந்தது. முன்பு அவன் நின்றபோது இருந்த பயம் ஒன்றுமில்லை. இப்போது எங்கேயும் நிற்காமல் இருக்கிறானே, அதுதான் பயம்.

நீ ஹூப்ளியிலேயே இரு. எனக்குத் தம்பி உயிரோடு இருந்தால் போதும். முறை செய்யத் தேவையில்லை.

அக்கா


சூலக்கரை
16 பிப்ரவரி 2026

அன்புத் தம்பி செழியனுக்கு,

எங்கே இருக்கிறாய் என்று தெரியாததால் ஹூப்ளி விலாசத்துக்கே எழுதுகிறேன். முதலாளி நீ வரவில்லை என்கிறார். உன் பெட்டி அங்கேயே இருக்கிறதாம்.

ரோஜா நன்றாக இருக்கிறாள். கோயம்புத்தூரில் குடித்தனம் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை நல்ல பையன். இதையெல்லாம் நீ கேட்காமலே எழுதுகிறேன்.

என் கடிதம் உனக்குக் கிடைத்ததா, கிடைத்தும் வந்தாயா? கல்யாணத்தன்று காலையில் மண்டபத்துச் சமையல்கட்டு வழியாக நீ உள்ளே வந்ததைப் பார்த்தேன். இளைத்து, நரைத்து, தரையைப் பார்த்தபடியே வந்தாய். என்னைக் கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. என் பாதத்தைப் பார்த்து, "அக்கா, கால் வீங்கியிருக்கே" என்றாய். திட்டவேண்டும் என்று நினைத்தேன். கட்டிக்கொண்டு அழத்தான் முடிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை எதற்கு மறைக்க?

நீ ரோஜாவுக்கு மாலை போட்டாய். அவள் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனாய். "நிமிராத தாயி" என்று நீ அவளிடம் சொன்னதைக் கேட்டுப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாமனா என்று. தாலி கட்டி முடிகிற வரைக்கும் உன் தலையும் குனிந்திருந்தது, அவள் தலையும் குனிந்திருந்தது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். ஆபத்து தாண்டிவிட்டது என்று மூச்சு விட்டேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். தேங்காய்ப் பழத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மச்சானோடு ஏதோ பேசிச் சிரித்தாயே.

போட்டோக்காரரை நான் மறந்துபோனேன். குடும்பப் படம் என்று எல்லோரையும் மேடையில் ஏற்றினார். "மாமா, தலையத் தூக்குங்க. எல்லாரும் நிமிந்து இங்கன பாருங்க" என்றார்.

எல்லோரும் நிமிர்ந்தோம். நீயும் நிமிர்ந்தாய்.

கேமராவுக்குப் பின்னால் வாசலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெயில்தான் தெரிந்தது. நீ தட்டை மெதுவாகக் கீழே வைத்தாய். இரண்டு கையையும் வேட்டியில் துடைத்தாய். மேடையிலிருந்து இறங்கி நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாய். நான் வாயைத் திறந்தேன். உன் இடது காது கேட்கும் என்று எனக்குத் தெரியும். "செழியா" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நீ நின்றிருப்பாய். பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்று நீ எழுதியது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. உன் கையில் மருந்து இல்லை, ஒன்றும் இல்லை. அப்படியும் கூப்பிடாமல் நின்றேன். நான் மேடையிலிருந்து இறங்கி வாசலுக்கு ஓடி வந்தபோது ரோட்டில் யாரும் இல்லை.

அன்றைக்கு முழுதும் காத்திருந்தேன். எதிலிருந்தோ உன்னைக் காப்பாற்றத்தான் அழைத்தான் என்றால் இங்கே ஏதாவது நடக்கவேண்டுமே. ஒன்றும் நடக்கவில்லை. சமையல்கட்டில் எரிந்த அடுப்பு எரிந்தது, பந்தி முடிந்தது, எல்லோரும் தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். உன் மச்சான் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிவிட்டார்.

படம் வந்துவிட்டது. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம், நீ மட்டும் கொஞ்சம் மேலே பார்க்கிறாய். பயந்த முகம் இல்லை, தம்பி. அதைப் பார்த்துத்தான் நான் அதிகமாக அழுகிறேன்.

சைக்கிளை விடவில்லை. உன்னைத் தேடித்தான் போகிறேன், அண்ணாச்சிக்கு அது தெரியும், அதனால் எந்த ஊரிலும் பாடம் நடத்துவதில்லை. நேற்று உன் கம்பெனி இருந்த இடம் வந்ததும் செல்வலட்சுமி என் பக்கத்தில் வந்து, "அக்கா, அந்தா ரெண்டு பேரு நிக்காகளே. ஒருத்தரு வேட்டி கட்டியிருக்காரு. நம்மளத்தான் பாக்காக, தெரிஞ்சவகளா?" என்றாள். நான் பிரேக் போட்டு இறங்கிப் பார்த்தேன். அவள் கை காட்டிய இடத்தில் வெறும் ரோடு, கருவேலம், கூரையில்லாத சுவர். எவ்வளவு நேரம் நின்று பார்த்தும் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

நீ செல்வலட்சுமிக்காக நிற்கிறாய் என்றால் அது தப்பு. அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவளை இனி அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்காக நிற்கிறாய் என்றால், என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நில். அடுத்த ஞாயிறு நான் தனியாக வருகிறேன்.

உன் அக்கா
இசைவாணி